செவ்வாய்க்கிழமை வெயில்

கை ஓரத்தை அரை விரல் அளவு மடித்து, அதையே இன்னொரு தரம் மடித்து நகத்தால் நீவிவிட்டு, ஊசியை உள்ளே கொடுத்து இழுத்தாள் அம்சவேணி. நூல் முழுக்க உருவிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. நுனியில் முடிச்சு இல்லை. இது நாலாவது தரம். செத்தவங்க துணிக்கு முடிச்சு போடக்கூடாதுடி, உசுரு அதுல மாட்டிக்கும் என்று அத்தை சொல்லியிருக்கிறாள், சரிதான், ஆனால் பத்து வருஷமாக ஊசியில் நூல் கோர்த்ததும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாக உருட்டிப் போடுகிற முடிச்சு, போடாதே என்றால் விரல்கள் முழிக்கின்றன, போட்ட பிறகு பல்லால் கடித்து எடுக்க வேண்டியிருக்கிறது, எடுத்தால் நூல் நிற்பதில்லை. முதல் தையலை அதே இடத்தில் மூன்று முறை குத்திக்கொண்டால் நிற்கும். அப்படித்தான் செய்யவேண்டும். சந்தன நிறப் பட்டு, விரலில் வழுக்குகிற பட்டு. பதினோரு மணிக்கு, செத்துப்போன மர்த்தீனின் கூடப்பிறந்த செலின் அக்கா பையில் போட்டு எடுத்துவந்து கொடுத்தாள். உள்ளே வரவில்லை, சாவு வீட்டிலிருந்து வருகிறவர்கள் வாசலோடு நிற்பதுதானே. மூணு மணிக்குக் குளிப்பாட்டணும்மா, அதுக்குள்ள முடிச்சுக் குடுத்துடு, கை நீளமா வையி, கழுத்து நல்லா ஏறட்டும், ஒண்ணும் வெளிய தெரியக்கூடாது என்றாள். முதுகு என்று அம்சா கேட்டாள். முதுகு திறந்தே இருக்கட்டும், கை மடங்காது, முன்னாலேர்ந்து மாட்டி ரெண்டு பக்கமும் அடியில செருகிடுவோம், கொக்கி வேணாம். சொல்லிக்கொண்டே வந்த செலின் அக்கா, கொக்கி வேணாம் என்று சொன்ன இடத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கையுறையும் காலுறையும் வாங்க ஆள் போயிருக்கு, வெள்ளையில கிடைக்குமோ என்னமோ. எங்க மர்த்தீனுக்கு நீ நிறையத் தைச்சுக் குடுத்திருக்கே இல்லம்மா. அதற்கு அம்சா சொன்னது ஒரே ஒரு ‘ம்’. ஆறு வீடு தள்ளி ஐஸ் பெட்டிக்குள் மர்த்தீன் படுத்திருக்கிறாள், நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சுற்றிக் கொடுத்த துணியோடு, இன்னும் யாரும் பிரித்துப் பார்க்காமல். மணி ஒன்றரை. மூன்று மணிக்குப் பிரிப்பார்கள். அதற்குள் அம்சா போய்ச் சொல்ல வேண்டும். ஜாக்கெட்டைக் கொடுப்பது யார் வேண்டுமானாலும் செய்யலாம், சொல்வது அவள் ஒருத்திதான் செய்ய முடியும், சொன்னால் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள், அந்தக் கேள்வி வந்ததும் இந்த வீட்டில் அவள் எப்படி இருப்பாள், அத்தை முகத்தில் எப்படி முழிப்பாள். மூன்று தரம் குத்து. இழு. நின்றது.

மர்த்தீனைத் தெருவில் எல்லாரும் பிரான்ஸ் அம்மா என்பார்கள். புதுச்சேரியில் அந்த மாதிரி ஆட்கள் புதிதில்லை, அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்திருப்பார், பிள்ளைகள் அங்கே போய் வேலை செய்து வயசானதும் பென்ஷனோடு வந்து பழைய வீட்டுக்கு வெள்ளையடித்துக் குடியேறுவார்கள். மர்த்தீன் வந்தபோது வயசு ஐம்பதுகூட ஆகவில்லை. புருஷன் அங்கேயே செத்துப்போனார். பிள்ளை இல்லை. முதல்முதலில் தைக்கக் கூப்பிட்டபோது அம்சா வயிற்றில் பெரியவள் பூரணி ஏழு மாசம். சோபாவில் உட்காரு என்றாள், அம்சா தரையில் உட்கார்ந்தாள், உடனே மர்த்தீனும் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள், அந்த வீட்டில் அதற்குப் பிறகு சோபாவில் உட்கார்ந்து பேசியதே கிடையாது. மதாம் என்றுதான் முதலில் கூப்பிட்டாள் அம்சா. மதாம்னு சொல்லாதடி, எனக்கு ஏதோ பள்ளிக்கூடத்து ஞாபகம் வருது, அக்கான்னு சொல்லு, இல்லாட்டி பேர் சொல்லு. பேர் சொல்ல வரவில்லை. மனசுக்குள் மட்டும் மர்த்தீன், வாயில் அக்கா. பன்னிரண்டு துண்டு வேணும், உட்கார்றதுக்கு, பருத்தியில, ஓரம் அடிச்சு, ஒவ்வொண்ணுலயும் ஒரு எழுத்து போடணும். எதுக்குக்கா. சங்கத்துக்கு. என்ன சங்கம். மர்த்தீன் சிரித்தாள். அவள் சிரித்தால் மேல் ஈறு முழுக்கத் தெரியும், அதை மறைக்கக் கையைக் கொண்டுபோகாத ஒரே பொம்பளை அவள்தான் அம்சாவுக்குத் தெரிந்து. பிள்ளை பொறந்து உடம்பு தேறினதும் ஒரு செவ்வாய்க்கிழமை துண்டுகளை எடுத்துட்டு நேரா தோப்புக்கு வா, பார்த்தா தெரிஞ்சுடும், பிடிக்கலேன்னா துண்டைக் குடுத்துட்டுப் போயிடு, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. தோப்பு மர்த்தீனின் சிநேகிதி ராஜாம்பாளுடையது. கடலுக்கு அரை மைலில் முந்திரி, நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மதில், ராஜாம்பாள் புருஷன் முந்திரிக்கொட்டை திருட்டுக்குப் பயந்து எழுப்பிய மதில். அந்த மதிலைப் பார்த்துத்தான் மர்த்தீனுக்கு எண்ணம் வந்ததாம். அங்கே பிரான்சில் அவளும் புருஷனும் கோடை வந்தால் அப்படி ஒரு இடத்துக்குப் போவார்களாம், குடும்பம் குடும்பமாக, உடம்பில் நூல் இல்லாமல், தக்காளி நறுக்கிக்கொண்டு பந்து விளையாடிக்கொண்டு, யாரும் யாரையும் ஏன் என்று பார்க்காமல். இங்கே ஆம்பளைகளை விட்டுவிட்டாள். ராஜாம்பாள், ஓய்வு பெற்ற நர்ஸ் ஜெயசீலி, மர்த்தீன், மூன்று பேரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். பதிவு செய்யலாம் என்று போனார்களாம், இயற்கை வாழ்வு மகளிர் மன்றம் என்று எழுதிக் கொடுத்ததும் அந்த அலுவலகத்து ஆள் ரொம்ப சந்தோஷப்பட்டு மண்புழு உரத்துக்கு மானியம் உண்டு என்று விண்ணப்பம் கொடுத்தானாம். ஜெயசீலி சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். நாங்க எந்த உடுப்போட போய் மானியம் வாங்குறது.

இன்னாடி, மிஷின் சத்தத்தையே காணோம் என்றாள் அத்தை உள்ளேயிருந்து. கை வேலை அத்தை, ஓரம் அடிக்கிறேன். சீக்கிரம் முடி, தீட்டுத் துணி ரொம்ப நேரம் வீட்ல இருக்கக்கூடாது, பாப்பா வேற இங்க தூங்குது. சரி அத்தை. அத்தை கெட்டவள் இல்லை. அம்சாவின் இரண்டு பிரசவத்துக்கும் பச்சை உடம்பு என்று பூண்டு வதக்கிப் போட்டவள், வயிற்றில் துணி இறுக்கிக் கட்டிவிட்டவள், கட்டும்போதுகூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கட்டினாள். அது ஒரு மரியாதை. இந்த வீட்டில் எல்லாமே முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்கிற மரியாதைதான். கொடியில் துணி காயப்போட்டால் உள்பாவாடைக்கு மேல் துண்டு போட்டு மூடவேண்டும், குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டபிறகும் பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் தண்ணீர் ஊற்றிக்கொள்ளவேண்டும் என்று அவள் அம்மா பன்னிரண்டு வயசில் சொல்லிக்கொடுத்தாள், யாருமில்லாத அறையில் யாருக்குப் பயந்து என்று அம்சா ஒரு நாளும் கேட்டதில்லை. ஆறாவதோடு நிறுத்திவிட்டார்கள், அதுவும் அதற்காகத்தான், பெரிய பொண்ணாகிவிட்டாள் என்று. வீட்டுக்காரர் தணிகாசலம் எட்டு வருஷத்தில் விளக்கைப் போட்டு அவளைப் பார்த்தது கிடையாது, அவளும் பார்த்துக்கொண்டது கிடையாது. தோப்புக் கதவைத் திறந்து துண்டுக்கட்டோடு உள்ளே போன அன்று ஜெயசீலி மூக்குக்கண்ணாடியும் தாலிச் சங்கிலியும் மட்டும் போட்டுக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள், தாலிச் சங்கிலியில் நாலு ஊக்கு தொங்கிக்கொண்டிருந்தது. உடுப்பே இல்லாமல் ஊக்கு எதற்கு. அம்சாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு வந்ததால் ஓட முடியவில்லை. வாடா கண்ணு, உக்காரு, இந்தா உரி என்று முறத்தைத் தள்ளினாள் ஜெயசீலி, காய்கறிக்காரியைக் கூப்பிடுகிற மாதிரி. போன்களை வாசலிலேயே ஒரு அரிசி டின்னில் போட்டு மூடிவிடுவார்கள். அடுத்தவள் உடம்பைப் பற்றி நல்லதும் பேசக்கூடாது கெட்டதும் பேசக்கூடாது. யார் கழட்டும்போதும் பார்க்கக்கூடாது. கழட்டித்தான் ஆகவேண்டும் என்று கிடையாது. அம்சா ஏழு செவ்வாய்க்கிழமை சேலையோடு உட்கார்ந்து கடலை உரித்தாள். ஏழு வாரமும் ஒருத்திகூட ஏன் என்று கேட்கவில்லை. வீட்டில் மதாம் வீட்டுத் திரைச்சீலை வேலை என்று சொல்லியிருந்தாள், ஒரு வீட்டில் எத்தனை சன்னல்டி இருக்கு என்று ஒரு நாள் அத்தை கேட்டாள்.

எட்டாவது வாரம். அதை நினைக்காமல் இருக்கலாம் என்று பார்க்கிறாள், கை ஓரத்தில் பாதி முடிந்துவிட்டது, இன்னும் பாதி, நினைக்காமல் தைத்தால் இருபது நிமிஷம். பூரணி பிறந்து ஆறு மாசம் ஆகியிருந்தது அப்போது. வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளை. அடிவயிற்றில் தழும்பு, அதற்கு மேல் தளர்ந்த தோல் பை மாதிரி, கோடு கோடாக வெள்ளரிப்பழம் வெடித்த மாதிரி, அதைத் தொட்டுப் பார்க்கக்கூட அவளுக்கு அருவருப்பு, சோப்புப் போடும்போது அந்த இடத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தேய்ப்பாள். மர்த்தீன் முந்திரி மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தாள். மற்றவர்கள் கிணற்றடியில். அம்சா சேலையை அவிழ்த்தாள். யாரும் திரும்பவில்லை. ஜாக்கெட் கொக்கியில் கை வைத்து நின்றாள், எவ்வளவு நேரம் நின்றாளோ. அப்புறம் துண்டை விரித்து மல்லாந்து படுத்தாள், எழுத்து போட்ட துண்டு, ‘அ’ என்று தானே தைத்துக்கொண்ட துண்டு, பதின்மூன்றாவது துண்டு, அதை மர்த்தீன் சொல்லவில்லை, அவளாகத் தைத்தது. வெயில் வந்து தழும்பின் மேல் உட்கார்ந்தது. இலைக்கு நடுவிலிருந்து விழுந்த ரூபாய் அளவு வெயில், சூடு, அந்த இடத்தில் மட்டும் யாரோ உள்ளங்கையை வைத்த மாதிரி. இருபத்திரண்டு வயசில் முதல் தரம் அவள் வயிற்றில் வெயில் படுகிறது. ஏன் அழுதாள் என்று இன்று வரைக்கும் தெரியாது. சத்தம் வராமல்தான் அழுதாள், ஆனால் மர்த்தீனுக்குக் கேட்டிருக்கிறது. திரும்பாமலே, முதுகைக் காட்டிக்கொண்டே, கையை மட்டும் பின்னால் நீட்டினாள். அம்சா அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் அதை யாரிடம் எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பித்தாலும் கேட்கிறவர்களுக்கு அசிங்கமாகத்தான் போய்ச் சேரும், நாலு பொம்பளைங்க அம்மணமா என்று ஆரம்பித்த உடனே கேட்கிறவர் காது மூடிக்கொள்ளும், விரலைப் பிடித்த இடத்துக்குக் கதை போகவே போகாது. நூல் தீர்ந்துவிட்டது. கோர்க்க வேண்டும். கண் மங்குகிறது, ஊசிக்காது எங்கே இருக்கிறது.

அன்றைக்கு மர்த்தீன் எழுந்து உட்கார்ந்து திரும்பியபோதுதான் அம்சா பார்த்தாள். இடது பக்கம் இல்லை. ஒரு சாய்ந்த கோடு, அக்குளிலிருந்து நெஞ்சு நடுவரைக்கும், மற்றபடி தட்டை, ஆம்பளைப் பிள்ளை நெஞ்சு மாதிரி. நல்லதும் பேசக்கூடாது கெட்டதும் பேசக்கூடாது, அம்சா பேசவில்லை. மர்த்தீனே சொன்னாள், கடலையை வாயில் போட்டுக்கொண்டே. போன வருஷம் பிரான்சுக்குப் பென்ஷன் காகிதத்துக்குப் போறேன்னு போனேன் இல்ல, இதுக்குத்தான் போனேன். செலினுக்குத் தெரியாது. எங்கம்மாவுக்கும் இதே இடம்தான்டி, அந்தக் காலத்துல வெட்டி எடுக்கல, புண்ணாச்சு, ஒரு வருஷம் செலின்தான் கழுவினா, கல்யாணத்தைக்கூட தள்ளிப் போட்டா, கழுவிட்டு வந்து சோறு தின்னமாட்டா, அவளை இன்னொரு தரம் இதைப் பார்க்க வைக்க மாட்டேன். அதனால் அளவு ஜாக்கெட்டில் இடது பக்கம் உள்ளே ஒரு பை வைத்து, பஞ்சு மெத்தைத் துண்டை அரைவட்டமாக வெட்டிச் சொருகித் தைத்துக் கொடுத்தது அம்சாதான். வெளியே போகும்போது ரெண்டு, தோப்புக்கு வந்தா ஒண்ணு, எனக்கு மட்டும்தான்டி இந்த வசதி என்பாள். போன தை மாசம் ராஜாம்பாளின் பிள்ளைகள் தோப்பை மனைக்கு விற்றுவிட்டார்கள். கல் நட்டாயிற்று. கடைசி செவ்வாய்க்கிழமை ராஜாம்பாள் வரவில்லை, அவளை மகன் கடலூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். ஜெயசீலி பெங்களூர் கிளம்பிக்கொண்டிருந்தாள். மர்த்தீனுக்கு அப்போதே மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. மரத்தடியில் இரண்டே பேர். அம்சா, நான் செத்தா செலின் என்னைக் கல்யாணப் பொண்ணு மாதிரி ஜோடிப்பா, பட்டு, கையுறை, காலுறை, உள்ள பஞ்சு வேற வச்சாலும் வைப்பா, பொம்மை மாதிரி ஆக்கிடுவா. எனக்கு அது வேணாம். ஒரு வெள்ளைத் துணி, மேல போர்த்தினா போதும், அதுக்குள்ள நான் நானா போறேன். நீ சொல்லு செலின்கிட்ட. நீங்களே எழுதி வையிங்கக்கா. எழுதினா மாதா கோயில் சாமியார் கையில போகும், அவரு படிப்பாரு, அப்புறம் கோயில் பூரா படிக்கும். உன் வாயால சொல்லு. இன்னொண்ணு, அவ அதைத் திடீர்னு பார்க்கக்கூடாது, முன்னாலயே சொல்லிட்டுக் காட்டு. சரிக்கா என்றாள் அம்சா. என்னமோ திரைச்சீலைக்கு நீளம் சொன்ன மாதிரி, சரிக்கா. எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சரி, வெயிலில் உட்கார்ந்துகொண்டு.

சொல்லக் கூடியவள்தானா அவள். போன மாசம் மீன் அங்காடி வாசலில் நடந்ததை மர்த்தீன் மறந்திருப்பாளா. அத்தை கூட இருந்தாள், சங்கரா பேரம் பேசிக்கொண்டு. தலையில் துணி சுற்றிக்கொண்டு கன்னம் ஒட்டிப்போய் ஒரு பொம்பளை ரிக்‌ஷாவிலிருந்து இறங்கி நேரே வந்தாள், அம்சா என்று கூப்பிட்டாள், கூப்பிட்ட குரல் மட்டும் பழைய குரல். ரெண்டு மாசமா ஆளையே காணமே என்றாள். காணாமல் போனது அம்சாதான், கைப்பிள்ளையைச் சாக்கு வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அந்தச் சரிக்காவை ஞாபகப்படுத்துவாளோ என்று. அத்தைக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை, திரும்பி, யாருடி இவங்க என்றாள். துணி தைக்கக் குடுப்பாங்க அத்தை. அவ்வளவுதான், அதை மர்த்தீன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், மீனைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் மர்த்தீன், ஆமாம்மா, உங்க மருமக கைப்பக்கம் கொஞ்சம் இறுக்கமா வச்சுட்டா, பிரிச்சுத் தரச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், மேல் ஈறு தெரிய. அம்சாவைக் காப்பாற்றுவதற்கு, மூச்சு வாங்க வாங்க, அந்த இடத்தில் நின்று ஒரு பொய்யை யோசித்து எடுத்திருக்கிறாள். போய்ப் பிரிச்சுக் குடுடி, நாலு பேருக்கு வேலை செஞ்சா நல்லபடியா செய்யணும் என்று அத்தை திட்டினாள், வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். பிரித்துக் கொடுக்க அம்சா போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்று இருந்தாள். பிள்ளைக்குச் சளி, நாளைக்கு. தணிகாசலத்துக்கு இரண்டு வேளைச் சோறு கட்டவேண்டும், நாளைக்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோதும் நாளைக்கு. நேற்று ராத்திரி தெருவில் நாலு பேர் பேசிக்கொண்டு போனார்கள், பிரான்ஸ் அம்மா போயிடுச்சாம், நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சாம். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், கழுவி முடித்தாள், கவிழ்த்து வைத்தாள். அழுதால் அத்தை கேட்பாளே, துணி தைக்கக் குடுத்தவங்களுக்கா இவ்ளோ அழுகை என்று. அதனால் அழவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம். பால் கொடுக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் கேட்கமாட்டார்கள், களைப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

மணி இரண்டு பத்து. கை ஓரம் இரண்டும் முடிந்துவிட்டது, கழுத்துக்குப் பட்டி வைத்தாகிவிட்டது, நீவிப் பார்க்கலாம் என்று மடியில் விரித்தாள், அப்போதுதான் பார்த்தாள். வலது பக்க முன்துண்டில் மார்பு எடுப்புக்கான டாட் மடிப்புப் பிடித்து, குமிழாக நிற்கிறது. இடது பக்கம் தட்டை. டாட்டே இல்லை. நேராக, ஆம்பளைச் சட்டைத் துண்டு மாதிரி வெட்டியிருக்கிறாள், வெட்டி, தோளோடு சேர்த்து மிஷினிலும் அடித்துவிட்டாள், கை பாட்டுக்கு அடித்திருக்கிறது, அவள் எங்கேயோ இருந்திருக்கிறாள். பையைத் திறந்தாள். அடியில் அளவு ஜாக்கெட் மடித்தது மடித்தபடி இருந்தது, அவள் உள்ளே வைத்துத் தைத்த பஞ்சோடு. எடுக்கவே இல்லை. அளவு ஜாக்கெட் இல்லாமல் எந்தத் தையல்காரியும் துணியில் கத்தரி வைக்கமாட்டாள், முதல் நாள் பழக வந்த பொண்ணுகூட வைக்காது. அவள் வைத்திருக்கிறாள். கண்ணில் இருந்த உடம்புக்கு வெட்டியிருக்கிறாள். தோள் பதினாலு, அக்குள் இறக்கம், எல்லாம் சரியாகத்தான் இருக்கும், வெயிலில் எத்தனை செவ்வாய்க்கிழமை பார்த்த தோள். செலின் அக்கா கையில் எடுத்த உடனே விரிப்பாள். விரித்த உடனே தெரியும். துணி மிச்சம் இருக்கிறது, ஒன்றரைச் சாண், இடது துண்டு மட்டும் புதிதாக வெட்டலாம், பிரித்து, டாட் பிடித்து, அடித்தால் இருபது நிமிஷம், யாருக்கும் ஒன்றும் தெரியாது. பிரிக்கிற ஊசியை எடுத்தாள். தோள் தையலில் இரண்டு கண்ணியைப் பிரித்தாள். மூன்றாவதில் நின்றுவிட்டது கை. டாட் வைத்துக் கொடுத்தால் உள்ளே எதையாவது வைத்து நிரப்புவார்கள். இல்லாததை இருப்பதாகக் காட்ட, ஊர் பார்க்க, பெட்டிக்குள் கிடத்தி. அதைத்தானே வேண்டாம் என்றாள். அதுவும் போகட்டும், ஜாக்கெட் எப்படி இருந்தால் என்ன, மூன்று மணிக்கு அந்த ஆஸ்பத்திரித் துணியைப் பிரிப்பார்களே. கோயில் சபைப் பெண்கள் நாலு பேர் குடத்தோடு நிற்பார்கள், செலின் அக்கா முதல் தண்ணீரை ஊற்ற முன்னால் நிற்பாள், பார்ப்பாள். அம்மாவின் புண்ணைப் பார்த்த கண். நாலு பேருக்கு நடுவில், சொல்லாமல் கொள்ளாமல். அந்த நாலு பேரும் ராத்திரிக்குள் நாற்பது பேரிடம் சொல்வார்கள், பாவம் என்று சொல்லிக்கொண்டே சொல்வார்கள். ஜெயசீலிக்குக் காலையிலேயே போன் போட்டாள் அம்சா. ஐயோ கண்ணு என்றாள் ஜெயசீலி, அழுதாள், நிஜமாகத்தான் அழுதாள், நீங்க செலின் அக்காகிட்ட ஒரு வார்த்தை போன்ல சொல்லுங்களேன், நர்சு நீங்க, ஆஸ்பத்திரியில பார்த்தேன்னு சொன்னா நம்புவாங்க என்றதும், மருமக பக்கத்துல இருக்கா கண்ணு, அப்புறம் கூப்பிடுறேன் என்று வைத்துவிட்டாள். அப்புறம் கூப்பிடவில்லை. மூக்குக்கண்ணாடி மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கே வீட்டுக்குள் அந்தப் பயம் என்றால் அம்சா எம்மாத்திரம். ஜெயசீலி மேல் கோபம் வரவில்லை. எல்லாருக்கும் ஒரு வீடு இருக்கிறது, மதில் மட்டும்தான் இல்லை இப்போது.

இரண்டு இருபத்தைந்து. பொய் சொல்லலாமா. அளவெடுக்கும்போது பார்த்தேன் என்று. தையல்காரி அளவெடுத்தால் தெரியாதா, அது நல்ல பொய், யாரும் ஒன்றும் கேட்க முடியாது. ஆமாம், அப்படிச் சொல்லிவிடலாம், இவ்வளவு நேரம் ஏன் தோன்றவில்லை. அதைச் சொல்லி முன்னாலேயே எச்சரித்துவிடலாம். ஆனால் வெள்ளைத் துணி. அளவெடுக்க வந்தவளிடம் யாராவது என்னை அம்மணமாகப் புதை என்று சொல்வார்களா. செலின் அக்கா கேட்பாளே, அவ ஏன் உன்கிட்ட சொன்னா, நான் கூடப் பொறந்தவ, நீ யாரு. நீ யாரு என்று கேட்டால் மீன் அங்காடியில் சொன்னதைத்தான் மறுபடி சொல்லவேண்டும். துணி தைக்கக் குடுத்தவங்க. அதை இரண்டாவது தரம் சொல்ல வேண்டும், இந்தத் தரம் அவளால் வந்து காப்பாற்ற முடியாது, கைப்பக்கம் இறுக்கம் என்று யாரும் சிரித்துக்கொண்டு சொல்லப்போவதில்லை. அம்சா பிரித்த இரண்டு கண்ணியையும் மறுபடி போட்டாள். தணிகாசலம் என்ன செய்வார். அடிக்கமாட்டார். பேசமாட்டார், ஒரு மாசம், இரண்டு மாசம், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போவார். அத்தை தெருவில் தலைகாட்டமாட்டாள். பூரணியைப் பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்பார்கள், உங்கம்மா. அங்கே நினைப்பு நின்றுவிட்டது, அதற்கு மேல் போகவில்லை, சுற்றிக்கொண்டு திரும்பவும் ஐஸ் பெட்டிக்கு வந்து நின்றது. அவளுக்குக் குளிரும். எப்போதும் வெயில் தேடி நகர்ந்து நகர்ந்து படுக்கிறவள், நிழல் வந்தால் துண்டை இழுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகிறவள், பதினெட்டு மணி நேரமாகக் குளிரில் கிடக்கிறாள், இன்னும் அரைமணியில் வெளியே எடுப்பார்கள், கையுறை மாட்டுவார்கள், மூடி அறைவார்கள். வெயில் ஒரு தரம்கூடப் படாது.

அம்சவேணி, முடிஞ்சுதாம்மா என்று வாசலில் குரல். செலின் அக்காவேதான் வந்திருக்கிறாள், கறுப்புப் புடவையில், பின்னால் சபைப் பெண் ஒருத்தி காலிக் குடத்தோடு. தண்ணி காய்ஞ்சுடுச்சு, எல்லாரும் வந்தாச்சு. ஏணையில் பிள்ளை அசைந்தது. அத்தை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, குடுடி, நான் குடுத்துட்டு வரேன், நீ புள்ளையைப் பாரு என்று கையை நீட்டினாள். அம்சா கொடுக்கவில்லை. ஜாக்கெட்டைச் சுருட்டாமல், மறைக்காமல், இடது பக்கம் மேலே தெரிய அப்படியே மிஷின் மேல் விரித்து வைத்தாள், அலமாரியிலிருந்து கோடி வெள்ளைத் துணியை, பிள்ளைக்குத் தலைகாணி உறையும் விரிப்பும் தைக்க வாங்கி ஐந்து மீட்டரும் வெட்டாமல் வைத்திருந்ததை, எடுத்துக்கொண்டாள். துணி தைக்கக் குடுத்தவங்க வீட்டுச் சாவுக்கு நீ எதுக்குடி போற என்று அத்தை கேட்டது காதில் விழுந்தது. வாசல்படியில் கால் வைத்தாள், தெரு முழுக்க வெயில், செலின் அக்காவின் கண் வீங்கி இருந்தது, அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும், மீனைப் பார்த்து இல்லை. அக்கா, சபைக்காரங்களை வெளிய இருக்கச் சொல்லுங்க, நீங்களும் நானும் மட்டும் போதும், மொதல் தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும், பயந்துடாதீங்க, இடது பக்கம் அவங்களுக்கு, எனக்குத் தெரியும்க்கா, அவங்க உடம்பு எனக்குத் தெரியும், எப்படின்னா, செவ்வாய்க்கிழமையில நானும் அவங்களும்

அம்சா, வாம்மா, நடந்துக்கிட்டே சொல்லு, நேரமாவுது என்றாள் செலின் அக்கா, அந்த வெள்ளைத் துணிக்குள் ஜாக்கெட் இருக்கிறது என்று நினைத்தாளோ என்னமோ, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அம்சா அத்தைக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகவே, நானும் அவங்களும் தோப்புல வெயில்ல